ஒரே எக்ஸ்டென்ஷனில் மூன்று பிளக்: கணக்கு என்ன சொல்கிறது?

தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பலகாரச் சாமான்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியாயிற்று. சமையலறையில் ஒரு பக்கம் பிஸ்கட் சுட ஓவன், மறுபக்கம் ரைஸ் குக்கர், நடுவில் தேநீருக்கு மின்சாரக் கெட்டில். சுவரில் இருப்பதோ ஒரே சாக்கெட். எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து மூன்றையும் அதில் செருகிவிடுகிறோம். துளை காலியாக இருக்கிறது, செருகினால் என்ன என்று தோன்றும். அதற்குப் பதில் இடைநிலைப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

கெட்டிலைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 230 வோல்ட், 2,200 வாட் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்: 2,200 ÷ 230 = சுமார் 9.6 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 230 ÷ 9.6 = சுமார் 24 ஓம். இரண்டாவது கணக்கு 1827-இல் ஜெர்மானியர் கியோர்க் சைமன் ஓம் வெளியிட்ட விதி.

இதில் கெட்டிலுக்குச் சொந்தமானது அந்த 24 ஓம் மட்டுமே. வாட் என்பது சாக்கெட்டில் வரும் வோல்ட்டைப் பொறுத்தது. நம் நாட்டில் 240 வோல்ட்டாக இருந்த அளவு 2008 முதல் 230 என்று மாற்றப்பட்டது. அதிலும் சற்று ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டுள்ளது. உங்கள் வீட்டில் 240 வோல்ட் வந்தால் அதே கெட்டில் 240 × 240 ÷ 24 = 2,400 வாட் இழுக்கும். தண்ணீர் கொஞ்சம் சீக்கிரமே கொதிக்கும். (சூடாக்கும் சாதனங்களுக்குத்தான் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும். கோயம்புத்தூர் கிரைண்டர் போன்ற மோட்டார் சாதனங்களில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்டை விடச் சற்றுக் கூடுதலாகவே வரும்.)

ஓவன் 1,500 வாட், ரைஸ் குக்கர் 700 வாட் என்று கொள்வோம். கெட்டிலோடு சேர்த்து 4,400 வாட். 230-ஆல் வகுத்தால் 19.1 ஆம்பியர். எக்ஸ்டென்ஷனின் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர்தான். அப்படியானால் ஃபியூஸ் உடனே எரிந்து நம்மைக் காப்பாற்றிவிடுமா? பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் 13 ஆம்பியர் ஃபியூஸ் 14-ஐத் தொட்டதும் உருகிவிடாது. 20 ஆம்பியரை அரை மணி நேரத்துக்கும் மேல் தாங்கக்கூடியதாகத்தான் அது செய்யப்படுகிறது. ஷார்ட் சர்க்கியூட் ஆனால் கணத்தில் உருகும் அதே ஃபியூஸ், இந்த மாதிரி மிதமான மிகைச் சுமையைப் பொறுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சூடு எங்கே போகிறது?

வயருக்குள். மலிவான எக்ஸ்டென்ஷன்களில் செம்புக் கம்பி மெல்லியதாக, 0.75 சதுர மில்லிமீட்டராக இருப்பதுண்டு. 5 மீட்டர் வயர் என்றால் போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர் செம்பு. அதன் மின்தடை சுமார் 0.26 ஓம். கெட்டிலின் 24 ஓமுக்கு முன் இது ஒன்றுமில்லை போலத் தெரியும். ஆனால் வயரில் வீணாகும் திறன், ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, மின்தடையாலும் பெருக்கினால் வருவது. கெட்டில் மட்டும் ஓடும்போது 9.6 × 9.6 × 0.26 = 24 வாட். மூன்றும் ஓடும்போது 19.1 × 19.1 × 0.26 = 95 வாட். சுமை இரு மடங்குதான் ஆனது, வயரின் சூடோ நான்கு மடங்கு. நீட்டிக் கிடக்கும் வயரில் இந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். அழகாகச் சுருட்டிக் கட்டியோ கம்பளத்துக்கு அடியில் மறைத்தோ வைத்திருந்தால், பழைய 100 வாட் குண்டு பல்பை துணியில் சுற்றி வைத்த கதைதான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் தெரியும் உயர்ந்த மின்கோபுரங்களும் இதே கணக்கில்தான் நிற்கின்றன. அவற்றில் 1,32,000, 2,75,000, 5,00,000 வோல்ட் ஓடுகிறது. வோல்ட் ஏற ஏற அதே திறனுக்கு ஆம்பியர் குறையும். ஆம்பியர் பாதியானால் கம்பியில் வீணாவது கால் பங்கு.

வீட்டுக்குத் திரும்புவோம். வயரை விட எனக்கு அதிகம் பயம் தருவது பிளக். பித்தளைக் கால் சாக்கெட்டுக்குள் தளர்ந்து, கறுத்துப்போய், தொடும் இடத்தில் 0.1 ஓம் மின்தடை உண்டானால் போதும். மூன்று சாதனங்களின் 19.1 ஆம்பியரும் எக்ஸ்டென்ஷனின் அந்த ஒரே பிளக் வழியாகத்தான் போகிறது: 19.1 × 19.1 × 0.1 = 36 வாட். ஈயத்தை உருக்கும் சால்டரிங் இரும்புக்கும் ஏறக்குறைய இவ்வளவு வாட்தான். அது விரல்நகம் அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே.

கடையில் எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது சிரிம் முத்திரையோடு வயரில் அச்சிட்டிருக்கும் சதுர மில்லிமீட்டரையும் படியுங்கள். 1.5 என்றால் மேலே சொன்ன 95 வாட் ஏறத்தாழப் பாதியாகும். ஆனாலும் 13 ஆம்பியர் வரம்பு மாறாது. 13 × 230 = 2,990 வாட். கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் கூட்டினாலே 2,900 ஆகிவிடுகிறது. ஓவனுக்குத் தனிச் சாக்கெட்தான் வேண்டும். இப்போதே சோதித்துப் பார்க்க நினைத்தால், கெட்டில் கொதித்து முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி அதன் கால்களைக் கையால் தொடாமல் மேல்மூடியை மட்டும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. பிடிக்க முடியாத சூடோ, கால்களைச் சுற்றிப் பழுப்பு நிறமோ தெரிந்தால், அந்தப் பிளக்கையும் சாக்கெட்டையும் மாற்றும்வரை அங்கே எதையும் செருகாதீர்கள்.