பைரவரைத் தாண்டி மேலே

புதுக்கோட்டை - காரைக்குடி சாலையில் திருமயம் வந்ததும் எந்த டிரைவருக்கும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். மதிலை ஒட்டிச் சாலையைப் பார்த்தபடி கோட்டை பைரவர். ஒரு சூடம், ஒரு சிதறு தேங்காய், வண்டியை எடு. ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றிப் போகும் நானும் வருஷக்கணக்கில் அதோடு சரி. பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்போது யார் மலை ஏறுவார்கள்?

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எனக்கும் லோடு கிடையாது. அப்படியொரு நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு அறந்தாங்கி வழியாகத் திருமயம் கிளம்பினேன். "ஊமையன் கோட்டைதானேப்பா?" என்றாள். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் கட்டியவர் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, 1687-இல். அப்போது ஊமையன் என்கிற ஊமைத்துரை பிறக்கவே இல்லை. அவர் இங்கே பதுங்கியிருந்தார், பிடிபட்டார் என்பதெல்லாம் செவிவழிக் கதை. அவரைத் தூக்கிலிட்டது 1801-இல், பாஞ்சாலங்குறிச்சியில். அண்ணன் கட்டபொம்மனை 1799-இல் திருக்களம்பூர் காட்டில் பிடித்துக் கொடுத்ததோ எங்கள் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான்தான். அந்தப் பேச்சு வந்தால் புதுக்கோட்டைக்காரர்கள் கொஞ்சம் குரலை இறக்குவார்கள்.

தொண்டைமான்கள் ஆட்சிக்கு வந்தது சம்பந்த வழியில்தான். கிழவன் சேதுபதியின் மனைவி காதலி நாச்சியார். அவருடைய சகோதரர் ரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமை போனது. பிற்பாடு திருமயமும் அந்தக் கைக்கே வந்தது. தஞ்சாவூர்ப் படை நாட்டைச் சூழ்ந்தபோது தொண்டைமான் தஞ்சம் புகுந்தது இந்தப் பாறையில்.

புகுந்தால் பிடிப்பது கஷ்டம் என்பது ஏறும்போதே தெரிகிறது. 40 ஏக்கர் வளாகம். ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்கிறார்கள், இன்று நான்குதான் மிச்சம். உச்சியில் மதிலுக்குத் தனியாக அஸ்திவாரமே வேண்டாம், பாறையே அஸ்திவாரம். கைப்பிடிச் சுவரில் துப்பாக்கி நீட்டத் துளைகள். மகள் ஒன்றில் கண்ணை வைத்தாள். எதிரி ஏறி வரவேண்டிய சரிவு நேராகத் தெரிந்தது. மேலே மழைநீர் தேங்கும் சுனையும் இருக்கிறது. முன்பு கடலில் தண்ணீர் டிரம்மை நம்பிக் கிடந்தவனுக்கு அதன் அருமை பீரங்கியைவிடப் பெரிதாகப் பட்டது.

நடுவழியில் பாறையின் பக்கவாட்டில் ஒரு குடைவறை, உள்ளே சிவலிங்கம். இரும்பு ஏணியில் ஏற வேண்டும். சித்திரை வெயிலில் அந்தக் கம்பி கொதித்தது. துண்டைச் சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. உச்சிப் பீரங்கியிடம் ஒரே கூட்டம், ஆளுக்கொரு செல்ஃபி. பெரும்பாலானவர்கள் அதோடு இறங்கிப் போய்விடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் திருமயத்தின் சரக்கு கீழேதான் இருக்கிறது. மலையின் தென்பக்கம் சிவனுக்கொன்று, பெருமாளுக்கொன்று என இரண்டு குடைவரைக் கோயில்கள். கோட்டைக்கு எட்டு, ஒன்பது நூற்றாண்டு முந்தியவை. பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாளைப் பாறையோடு பாறையாகவே செதுக்கியிருக்கிறார்கள். தீபம் நகர நகரத்தான் உருவம் முழுசாகப் பிடிபடுகிறது. மது, கைடபன் என்ற அசுரர்கள் தாக்க வர, ஆதிசேஷன் நஞ்சைக் கக்கி விரட்டுகிற காட்சி அது. நின்ற கோலத்தில் சத்தியமூர்த்திப் பெருமாளும் உண்டு. 1887-இல் இந்த ஊரில் பிறந்த விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்திக்கு அந்தப் பெயர்தான்.

இரண்டு கோயிலும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சச்சரவுக்குக் கேட்கவா வேண்டும்? வருமானம் யாருக்கு, நிலம் யாருக்கு என்று சைவரும் வைணவரும் முட்டிக்கொண்டார்கள். 1245-இல் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் சபை கூடி, இரு தரப்புக்கும் பங்கு பிரித்து, தீர்ப்பைக் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டார்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பேசி முடித்த ஏற்பாடும் இதே ஜாதிதான். நம்முடையதைக் கல்லில் வெட்டவில்லை. அதனால்தான் அடிக்கடி மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

போகிறவர்கள் காலையில் கோயில்களைப் பார்த்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். வெயில் தாழ்ந்ததும் டிக்கெட் எடுத்து மலை ஏறலாம். தண்ணீர் பாட்டிலும், ஏணிக்கு ஒரு துண்டும் மறக்க வேண்டாம்.