காதுல ஒண்ணும் இல்லை, ஆனா வலி உயிர் போகுதா? பல்லையும் தொண்டையையும் காட்டுங்க!

சென்னை:

காது 'விண் விண்'னு தெறிக்குது. வலி அப்படியே பொட்டு வரைக்கும் ஏறுது. டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு "காது சுத்தமா இருக்கே" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அப்புறம் எதுக்கு இந்த வலி?

இப்படிப் புலம்புகிறவர்கள் நிறைய பேர். பாதிப் பேர் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் எண்ணெயைக் காய்ச்சி காதில் ஊற்றுகிறார்கள். இரண்டுமே தப்பு.

விஷயம் இதுதான். காதுக்கு வரும் நரம்புகள் காதுக்கு மட்டும் சொந்தம் இல்லை. பல், தாடை, நாக்கு, டான்சில், தொண்டை, குரல்வளை, கழுத்து என்று எல்லா இடத்துக்கும் போகிற நரம்புகளின் கிளைதான் காதுக்கும் வருகிறது. ஒரே லைனில் நாலு வீட்டுக்கு கரண்ட் போகிற மாதிரி. எந்த வீட்டில் கோளாறு என்று மூளைக்குத் தெரியாது. தொண்டையில் புண் இருக்கும், காதுதான் வலிக்கும்.

பெரும்பாலும் இது பயப்படுகிற சமாசாரம் இல்லை. கடைவாய்ப் பல் சொத்தையாக இருந்தால் அந்தப் பக்கத்துக் காது, பொட்டு எல்லாம் சேர்ந்து வலிக்கும். ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் முட்டினாலும் அப்படித்தான். பல் டாக்டர் பார்த்தால் காதுவலி போய்விடும்.

அடுத்தது தாடை மூட்டு. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் அசைகிறதே, அதுதான். அங்கே வலித்தாலோ, 'டக் டக்'னு சத்தம் வந்தாலோ மூட்டில் சந்தேகப்படலாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், ஒரே பக்கமாக மெல்லுபவர்களுக்கு இது சகஜம். நாள் முழுக்க குனிந்தே தையல் மெஷினில் உட்காருபவர்கள், தலையில் சுமை தூக்குபவர்களுக்கு கழுத்துத் தசை இறுகி, வலி பின்மண்டையில் ஆரம்பித்து காது பக்கம் வரும்.

புகையிலை போடுபவர்கள் உஷார்!

புகையிலை, குட்கா, பீடி, சிகரெட், குடி என்று ஏதாவது பழக்கம் இருக்கிறதா? ஒரே பக்கத்துக் காது 2, 3 வாரமாக விடாமல் வலிக்கிறதா? காதில் எந்தக் கோளாறும் தெரியவில்லையா? அப்படியானால் கட்டாயம் தொண்டையைக் காட்ட வேண்டும்.

அடிநாக்கு, டான்சில், தொண்டைக்குழி இந்த இடங்களில் வரும் புற்றுநோய் சிலருக்கு முதலில் காதுவலியாகத்தான் தலைகாட்டும். தொண்டையில் வலியே இருக்காது. அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். ஆறாத வாய்ப்புண், குரல் கம்மல், எச்சில் விழுங்கும்போது உறுத்தல், கழுத்தில் கட்டி, வாயை முழுசாகத் திறக்க முடியாமை, உடம்பு இளைத்துப்போவது, இதில் ஒன்று கூட இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு கேமராவில் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான், அறுக்க மாட்டார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் குணமாக்க வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013லேயே தடை போட்டாச்சு. வாய்தான் இன்னும் கேட்க மாட்டேங்குது!

சர்க்கரை நோயாளிகளுக்கு வேறொரு ஆபத்து. ஹேர்பின்னால் காதைக் குடைந்து சின்னதாகக் கீறல் விழுந்தால் போதும். கிருமி உள்ளே போய் மண்டை எலும்பு வரை அரித்துவிடும். ராத்திரி தூங்கவிடாத காதுவலி, கூடவே சீழ் என்றால் மறுநாளே இ.என்.டி. டாக்டரிடம் போய்விடுங்கள். "சுகர் இருக்கு" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

காதுக்குப் பின்னால் வீங்கி, காது மடல் முன்னால் தள்ளி நிற்கிறதா? குழந்தைகளுக்கு இது சாதாரண காதுவலி இல்லை, பின் எலும்பில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ராத்திரி நன்றாகக் கேட்ட காது காலையில் திடீரென்று கேட்கவில்லை என்றால் "அழுக்கு அடைச்சிருக்கும்" என்று இருக்காதீர்கள். நரம்புக் கோளாறாக இருந்தால் சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால்தான் பலன். காதைச் சுற்றிக் கொப்புளம், வாய் கோணல் என்றாலும் 3 நாளுக்குள் மருந்து தொடங்கணும்.

திடீரென்று இடி விழுந்த மாதிரி தலைவலி, காய்ச்சலோடு கழுத்தை மடக்க முடியாமை, தலைவலியோடு விடாத வாந்தி, மயக்கம், பேச்சு குழறல், கைகால் இழுப்பு இருந்தால் 108க்கு போன் போடுங்கள். பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டபின் காதில் ரத்தமோ தண்ணியோ வந்தாலும் அதேதான். பஞ்சு வைத்து அடைக்கக் கூடாது.

வலி மாத்திரை மாசத்தில் பாதி நாள் போடுகிற பழக்கம் இருந்தால் மாத்திரையே தலைவலியைக் கூட்டும். வயிற்றுப்புண், கிட்னி கோளாறு வேறு வரலாம்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டு இ.என்.டி. பிரிவில் காட்டலாம். எத்தனை நாளாக வலி, எந்தப் பக்கம், மெல்லும்போதா விழுங்கும்போதா என்று சொல்லுங்கள். போட்ட மாத்திரையின் அட்டையை கையோடு எடுத்துப் போங்கள். "காதுல ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாமல், "தொண்டையையும் ஒருதடவை பாருங்க சார்" என்று கேளுங்கள். பக்கத்தில் வீட்டுக்காரம்மா இருக்கிறார்களே என்று புகையிலைப் பழக்கத்தை மறைக்காதீர்கள்.