லாரியை மறிச்சவங்க திருடங்களா?

நான் நிக்கிற இடம் நெல்லிக்குப்பம், கடலூர்–பண்ருட்டி ரோடு. பாரி சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். கரும்பு சீசன்ல டிராக்டருக்கு வழிவிட்டே பாதி நாள் போயிடும் இங்க.

2015 டிசம்பர்ல, வெள்ளம் வந்த சமயம், இந்த மாவட்டத்துல ஒரு ரோட்டோரம் நான் பார்த்ததை முதல்ல சொல்லிடுறேன். சென்னைப் பக்கத்துலருந்து ஒரு மினி லாரி வருது. முன்னாடி துணி பேனர். ரோட்டுக்குக் குறுக்க ஒரு முருங்கைக் கிளை, ரெண்டு பிளாஸ்டிக் குடம். தடுப்புன்னா அவ்வளவுதான். லாரி நின்னதும் இருபது முப்பது பேர் ஏறிட்டாங்க. பாய், போர்வை, பிஸ்கட், பால் பவுடர் எல்லாம் கொஞ்ச நேரத்துல காலி. கூட வந்த காலேஜ் பசங்க பயந்துபோய் ஓரமா நிக்கிறாங்க. போர்வையை இடுப்புல இடுக்கிக்கிட்டுப் போன ஒரு அம்மா நாலு எட்டு வெச்சுட்டுத் திரும்பி வந்து அந்தப் பசங்ககிட்ட கேட்டாங்க: "சாப்டீங்களாப்பா?"

அன்னிக்கு ராத்திரி என் போனுக்கு வந்த வாட்ஸ்அப்: "கடலூர்ல நிவாரண லாரி கொள்ளை. யாரும் போகாதீங்க." நடக்காததைச் சொல்லல அந்த மெசேஜ். அந்த நாட்கள்ல மாவட்டத்துல நிறைய லாரி மறிக்கப்பட்டுச்சு, பேப்பர்லயும் வந்துச்சு, போலீஸ் பாதுகாப்போட லாரி அனுப்புற நிலைமையும் வந்துச்சு. ஆனா கொள்ளைங்கிற அந்த வார்த்தைகிட்டதான் எனக்குத் தகராறு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 2011 டிசம்பர் 30, காலையில விடிஞ்சும் விடியாத நேரம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் காத்து. பண்ருட்டிப் பக்கம் தாத்தா வெச்ச பலாமரம் வேரோட சாய்ஞ்சு கிடக்குது. முந்திரித் தோப்புல நிமிர்ந்து நின்ன மரத்தைத் தேட வேண்டியிருந்துச்சு. இந்தப் பக்கம் கரும்பு மொத்தமும் படுத்துடுச்சு. கரண்ட் கம்பம் வரிசையா மடங்கிக் கிடந்துச்சு. இங்கருந்து கொஞ்ச தூரத்துலதான் நெய்வேலி. பழுப்பு நிலக்கரியை வெட்டி எரிச்சு தென்மாநிலங்களுக்கே கரண்ட் அனுப்புற ஊர். அதைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்ல வாரக்கணக்கா இருட்டு. மத்த மாவட்டத்துலருந்தெல்லாம் மின்வாரிய ஆளுங்க வந்து தங்கிக் கம்பம் நட்டாங்க. பல ஊர்ல பொங்கல் அந்த வருஷம் மெழுகுவத்தி வெளிச்சத்துலதான்.

அப்போ நான் பார்த்த வரைக்கும் இந்தப் பக்கம் கடையை யாரும் உடைக்கல. ஆனா ரோட்டை மறிச்சாங்க. தண்ணி வரல, கரண்ட் வரல, கணக்கெடுக்க வரல. இதுக்கெல்லாம் காலிக் குடத்தோட வந்து ரோட்ல உக்காந்தாங்க. ஏன் ரோடு? நம்ம ஊர்ல இருக்கறவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. மனு கொடுத்தா ரசீது கிடைக்கும். மறியல் பண்ணா தாசில்தார் கிடைப்பார்.

அடுத்து நிவாரண லிஸ்ட். அரசு அறிவிச்ச நிவாரணம், முழுசா இடிஞ்ச குடிசைக்கு 5,000 ரூபாய், பாதி சேதமான குடிசைக்கு 2,500. கேக்க சுலபமா இருக்குல்ல? ஒரு கூரை வீட்டைப் பார்த்துச் சொல்லுங்க. கீத்து மொத்தமும் பறந்துடுச்சு, மண்சுவர் மூணு பக்கம் நிக்குது. அது முழுச் சேதமா, பகுதிச் சேதமா? எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு இதான் ஆச்சு. கணக்கெடுக்க வந்தவர் சுவரைப் பார்த்தார், நோட்டுல என்னமோ எழுதினார், போயிட்டார். பக்கத்து வீட்டுலயும் அதே கூரை, அதே சுவர். அவங்களுக்கு முழுச் சேதம், இவங்களுக்குப் பகுதி. ரெண்டு குடும்பமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கறதை விட்டு ரொம்ப நாள் ஆச்சு. புயல் பிரிக்காத குடும்பங்களை லிஸ்ட் பிரிச்சுடுச்சு.

நம்ம பக்கம் புயலுக்கு அப்புறம் வர்ற கோவத்துல முக்கால்வாசி இந்த லிஸ்ட் மேல வர்ற கோவம்தான். எந்த அளவுகோல்ல எழுதினாங்க, யார் பேர் இருக்கு, யார் பேர் விட்டுப்போச்சு, இது தெரியாத வரைக்கும் ஒவ்வொருத்தரும் தன்னைத்தான் ஏமாத்திட்டாங்கன்னு நினைப்பாங்க.

கொள்ளைங்கிற பேச்சு என்ன பண்ணும்னு பார்க்க, இப்ப அமெரிக்கா போயிட்டு வருவோம். 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா சூறாவளி. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல கரை உடைஞ்சு ஊரே முங்குச்சு. டிவியைத் திறந்தா கொள்ளை, கொலை, துப்பாக்கிச் சூடு. மக்கள் தஞ்சம் புகுந்த சூப்பர்டோம் விளையாட்டு அரங்கத்துல பொணம் குவிஞ்சு கிடக்குன்னு சொன்னாங்க. கடைசியில போய்ப் பார்த்தா ஆறு உடல். அதுல ஒண்ணுகூடக் கொலை இல்ல. ஆனா அந்தப் பேச்சை நம்பி எடுத்த முடிவு இருக்கே, அதுதான் கொடுமை. கூரை மேல உக்காந்து கையாட்டுற ஜனங்களை மீட்டுக்கிட்டிருந்த சுமார் 1,500 போலீஸ்காரங்களை, கொள்ளையைத் தடுக்கப் போங்கன்னு மேயர் ரே நாகின் திருப்பி விட்டார். செப்டம்பர் 4, டான்சிகர் பாலத்துல கையில ஆயுதமே இல்லாதவங்க மேல போலீஸ் சுட்டதுல ரெண்டு பேர் செத்தாங்க, நாலு பேருக்குக் காயம். எங்களைத்தான் முதல்ல சுட்டாங்கன்னு போலீஸ் கதை கட்டுச்சு. 2016-லதான் அந்தப் போலீஸ்காரங்க குத்தத்தை ஒத்துக்கிட்டாங்க.

கத்ரீனாவுல கடை உடைஞ்சது நிஜம். 1989-ல ஹூகோ புயலுக்கு அப்புறம் செயின்ட் குரோய் தீவுல ஊரே சேர்ந்து கடைகளைக் காலி பண்ணுச்சு, போலீஸ்காரங்களும் அதுல சேர்ந்துக்கிட்டாங்க. பேரிடர் ஆய்வுக்கே வாழ்க்கையைக் கொடுத்த குவாரன்டெல்லி அதைப் போய் ஆராய்ஞ்சார். அவர் அதை அபூர்வமான விதிவிலக்குன்னுதான் பார்த்தார். பெரும்பாலான பேரிடர்ல ஜனங்க கொள்ளையடிக்கறதில்ல, பக்கத்து வீட்டுக்காரரை இழுத்துக் காப்பாத்துறாங்க. தானேவுல விழுந்த மரத்தை வெட்டி ரோட்டைத் திறந்தது பல இடத்துல ஊர்ப் பசங்கதான், அரிவாளும் கயிறும் வெச்சுக்கிட்டு.

சரி, நம்ம ஜனங்க தப்பே பண்ணலயா? பண்ணியிருக்காங்க. 2018 நவம்பர் 16, கஜா புயல். அடுத்த நாளே புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்துல மறியல், தகராறு, அதிகாரிகளோட வாகனங்களுக்குத் தீ. அதுக்கப்புறம் வரிசையா கைது. வண்டிக்குத் தீ வெச்சதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அது குத்தம். ஃபெஞ்சல் புயலப்போ, 2024 டிசம்பர் 3, விழுப்புரம் இருவேல்பட்டுல அமைச்சர் பொன்முடி மேல சேத்தை வீசினாங்க. அதுவும் மறியல் நடந்த இடம்தான்.

இதைவிட என்னை உலுக்குற சம்பவம் வேற. 2005 டிசம்பர் 18, சென்னை எம்.ஜி.ஆர். நகர். வெள்ள நிவாரண டோக்கன் வாங்க விடியறதுக்கு முன்னாடியே ஸ்கூல் வாசல்ல கூட்டம். இன்னிக்கு விட்டா டோக்கன் கிடைக்காதுன்னு ஒரு பேச்சு, மழை வேற. நெரிசல்ல 42 பேர் செத்தாங்க. அதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடிதான் வியாசர்பாடியில இதே மாதிரி நெரிசல், அங்கயும் சாவு. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வரிசையில நின்ன ஜனங்க இவங்க. அன்னிக்கு எந்தக் கார்டுக்கு எத்தனை மணின்னு முன்னாடியே சொல்லியிருந்தா அந்த வாசல்ல அவ்வளவு பேர் நின்னிருக்க வேண்டியதே இல்ல.

சட்டம்னு சொன்னதால ஒண்ணு. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 52: பொய் சொல்லி நிவாரணம் வாங்கினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். அடுத்த பிரிவு 53: நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடினா அதுக்கும் ரெண்டு வருஷம் வரைக்கும். போர்வையைத் தூக்கிட்டு ஓடினவங்களைப் பத்திப் பேசுற வாட்ஸ்அப்ல பிரிவு 53-ஐ நான் பார்த்ததே இல்ல. தானேவுக்கு அப்புறம் பத்து ரூபா மெழுகுவத்தியை இஷ்டத்துக்கு வித்தவனையும், டேங்க்ல தண்ணி ஏத்த வாடகை ஜெனரேட்டருக்கு வாயில வந்த ரேட் சொன்னவனையும், விழுந்த முந்திரி மரத்தை விறகு விலைக்கு அள்ளிட்டுப் போனவனையும் யாரும் கொள்ளைக்காரன்னு சொல்லல. அதெல்லாம் வியாபாரமாம்!

இன்னொரு பிரிவும் இருக்கு, 61. நிவாரணம் கொடுக்கறதுல சாதி, மதம், ஆண், பெண்ணுன்னு பாகுபாடு காட்டக் கூடாது. இதை ஏன் சட்டத்துல எழுத வேண்டி வந்துச்சுன்னு நம்ம மாவட்டத்துல நிவாரண லாரி எந்த வழியில போச்சுன்னு பார்த்தாலே புரியும். லாரி மெயின் ரோட்ல வருது. மெயின் ரோட்டை ஒட்டி ஊர். காலனி உள்ள, பெரும்பாலும் தாழ்வான இடத்துல, வாய்க்கால் ஓரத்துல. தண்ணி முதல்ல போற இடம் அது, லாரி கடைசியா போற இடமும் அதுதான். 2015-ல தலித் குடியிருப்புகளுக்கு உதவி வந்து சேரல, வழியிலயே நின்னுபோச்சுன்னு மனித உரிமை அமைப்புகள் பதிவு பண்ணியிருக்காங்க. அதனால லாரியை மறிச்சது யாருன்னு கேக்கும்போது, மறிக்கக் கூட ரோடு இல்லாம உள்ள உக்காந்திருந்தது யாருன்னும் கேக்கணும்.

அதிகாரிகளுக்கு ஒரே கோரிக்கை. லிஸ்ட்டை ரேஷன் கடைச் சுவர்ல ஒட்டுங்க. பேரு, வீடு, முழுச் சேதமா பகுதிச் சேதமா, எவ்வளவு பணம். ஆட்சேபம் சொல்ல மூணு நாள் கொடுங்க. ஒரு பசை டப்பா செலவு.

உதவி கொண்டு வர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த புயலுக்குக் கடலூர் வந்தீங்கன்னா, மெயின் ரோட்ல முதல்ல கையைக் காட்டுற இடத்துலயே லாரியைக் காலி பண்ணிட்டு போட்டோ எடுத்துக்கிட்டுத் திரும்பிடாதீங்க. ஒரு டீக்கடையில வண்டியை நிறுத்தி, "காலனிக்கு எப்படிப் போகணும்?"னு கேளுங்க. வழி சொல்வாங்க. சொல்லலன்னா, வாய்க்கால் ஓரமாவே போங்க.