பிரசவ அட்டையைத் தூக்கிப் போடாதீங்க!



பத்தொன்பது வருடங்களுக்கு முன், தலைச்சன் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம் எனக்கு முகமும் காலும் வீங்கிவிட்டன. "நீர் கோத்திருக்கு, தானா வடிஞ்சிடும்" என்றார் மாமியார். செக்கப்புக்குப் போனால் பிரஷர் 160-க்கு 110, யூரினில் புரதம். உடனே கடலூருக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்து இரண்டு உயிரையும் காப்பாற்றினார்கள். இரண்டு மாதத்தில் பிரஷரும் இறங்கிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று மறந்தே போனேன். அந்த அட்டையைக் கூட பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன்.

போன பலாப்பழ சீசனில், பழம் அறுத்துக் கொண்டிருந்தபோது மூச்சு வாங்கியது. பார்த்தால் மறுபடியும் பிரஷர். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "பிரசவத்துல ஏதாவது சிக்கல் வந்துச்சா?" நெஞ்சுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன்.

அவர் சொன்னதைக் கேளுங்கள். கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. இதயத்துக்கு அது ஒரு பரீட்சை. அப்போது பிரஷரும் யூரினில் புரதமும் சேர்ந்து வந்த பெண்களுக்கு, பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரை, குறைமாதப் பிரசவம் ஆனவர்களுக்கும் ஆபத்து கூடுதல்தான். அமெரிக்க இதய சங்கம் 2011-லேயே கர்ப்பகால பிரஷரையும் சர்க்கரையையும் இதயநோய் அபாயங்களில் சேர்த்துவிட்டதாம்.

பயப்படச் சொல்லவில்லை, கவனமாக இருக்கத்தான் சொல்கிறேன். பிரசவத்தில் பிரஷர் வந்தவர்கள் வருடம் ஒருமுறையாவது பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், குழந்தை பிறந்த ஆறு வாரம் கழித்து மறுபடி சோதித்துக் கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஊறுகாய், அப்பளத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

எந்த டாக்டரிடம் போனாலும் அப்பா, அம்மாவுக்கு இருந்த வியாதியைச் சொல்கிறோம். நம் பிரசவக் கதையையும் சேர்த்துச் சொல்வோமே!

என் நாத்தனார் மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். அவளுடைய அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.

– ஒரு வாசகி, அண்ணாகிராமம்.