மரம் சீவிய கைக்குத் தூரிகை பாரமா?

"இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா படமெல்லாம்? கை நடுங்குது, பள்ளிக்கூடமும் போனதில்ல." முதியவர்களுக்கு ஓவிய வகுப்பு என்று பேச்செடுத்தால் இப்படித்தான் பதில் வரும். மலேசியாவில் சிரம்பானை ஒட்டிய ரஹாங்கிலும் வேறு பதிலை எதிர்பார்க்க முடியாது. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த தலைமுறை அது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நிரை நிரையாக மரம் சீவி, பால் பிடிக்கும் மங்கு துடைத்தவர்கள். கலை என்பது படித்தவர்கள் விவகாரம் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு ஜோதையா பாய் சாட்சி. மத்தியப் பிரதேசத்தின் உமரியா மாவட்டத்தில் லோர்ஹா கிராமத்துக்காரர்; பைகா பழங்குடிப் பெண். கணவரை இழந்தபின் கூலி வேலை செய்தும் விறகு விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். எழுபதை நெருங்கும் வயதில்தான், 2008 வாக்கில், ஓவியர் ஆஷிஷ் சுவாமி அந்த ஊரில் நடத்திய கூடத்துக்கு வந்தார்.

சாந்திநிகேதனில் படித்தவர் சுவாமி. ஆனாலும் எடுத்தவுடன் தாளை நீட்டவில்லை. தரையில் போடும் கோலத்தில் தொடங்கி, சுரைக்காய், மரம், களிமண் என்று கடந்த பிறகே காகிதம் வந்தது. இலுப்பை மரமும் புலியும் பறவையுமாகத் தன் காட்டையே வரைந்தார் ஜோதையா. அவர் படங்கள் 2019இல் இத்தாலியின் மிலான் நகரம் வரை போயின. 2023இல் பத்மஸ்ரீ. 2024 டிசம்பரில் மறைந்தார்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் சுவாமியின் வழி. ரஹாங் பாட்டிக்குத் தெரிந்தது என்ன? பால்மரப் பட்டையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவத் தெரியும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். குறைந்தால் பால் வராது. சரிந்து இறங்கும் அந்தக் கோட்டைத் தலைவிளக்கு வெளிச்சத்தில் பிசகாமல் போட்ட கை அது. வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தை மனக்கணக்காகவே முடித்த கையும் அதுதான்.

ஆகவே முதல் நாள் வகுப்பில் பென்சிலும் அழிப்பானும் வேண்டாம். கோலமாவும் கறுப்பு அட்டையும் போதும். தூரிகைப் பிடியில் துணி சுற்றினால் மூட்டுவலி விரல்களுக்கு இதமாக இருக்கும். கண்புரை உள்ளவர்களுக்கு நீலம் மங்கித் தெரியும். அழுத்தமான நிறங்களையும் நல்ல வெளிச்சத்தையும் கொடுங்கள். முக்கியமாக, ஆசிரியரின் கை அவர்கள் தாளில் படவே கூடாது. ஒரு கோட்டைத் திருத்தினால், "எனக்கு வராதுன்னு சொன்னேன்ல" என்று தூரிகையைக் கீழே வைத்துவிடுவார்கள். "சூப்பர் பாட்டி" என்பதும் உதவாது. "இது எந்தத் தோட்டத்து மரம், பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த கிளையைப் பாட்டியே வரைவார்.

இது வெறும் பொழுதுபோக்கும் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் ஜீன் கோஹன் 2001இல் தொடங்கிய ஆய்வில் 65 வயது தாண்டிய சுமார் 300 பேர் பங்கேற்றனர். கலைஞர்களிடம் தொடர்ந்து பயின்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரைத் தேடிப் போனார்கள். கீழே விழுவதும் தனிமை உணர்வும் அவர்களிடம் குறைவு.

இடத்துக்குப் பஞ்சமில்லை. கோயில் மண்டபம் இருக்கிறது. சமூகநலத் துறையின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் மாநிலந்தோறும் உள்ளன. சில வாரம் கழித்து ஒரு கண்காட்சி வையுங்கள். யாராவது படத்தை விலைக்குக் கேட்டால் பிள்ளைகள் குறுக்கே பேச வேண்டாம். விலையைப் பாட்டியே சொல்லட்டும்.