சிக்னல் தேடி மலையேறும் பறவை

2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் மலையேறிப் போய், மரத்தின்மேல் கட்டிய பரணில் உட்கார்ந்து ஆன்லைன் பாடம் படித்தார்கள். சிக்னல் அங்கேதான் கிடைத்தது.

அதற்கு இரண்டு வருடம் முந்தி, கனடாக்காரரான அடம் ராபின்சன்-யூ ஒரு சின்ன வீடியோ கேம் வெளியிட்டிருந்தார். பெயர் ‘அ ஷோர்ட் ஹைக்’. கிளேர் என்ற பறவைப் பெண் அத்தையோடு விடுமுறையைக் கழிக்க வருகிறாள். முக்கியமான அழைப்பு ஒன்று வரவேண்டும். வந்த இடத்திலோ சிக்னல் இல்லை. மலையுச்சிக்குப் போனால்தான் உண்டு. கதை அவ்வளவுதான்.

பசறையிலும் அப்புத்தளையிலும் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. லயத்துக்குப் பின்னால் எந்தப் பாறையில் ஏறினால் போனில் இரண்டு கோடு வரும் என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன அம்மாவின் குரலுக்காக அப்படி ஏறிக் காத்திருந்தவர்களும் நம்மிடையே உண்டு. கிளேருக்கு வரும் அழைப்பு யாருடையது என்பதை விளையாடியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆட்டத்தின் காட்சி பழைய நின்டெண்டோ டிஎஸ் திரையில் பார்த்ததுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வழியில் கிடைக்கும் தங்க இறகு ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் ஏறத் தெம்பு தரும். உச்சிக்குப் பக்கத்தில் குளிரில் அந்த இறகுகளே உறைந்துபோகும். விழுந்தாலும் நட்டமில்லை, சிறகை விரித்து மிதந்து இறங்கலாம். முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். 2020இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். பெரும்பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

சின்ன ஆட்டம் என்றால் மட்டமான ஆட்டம் என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. 1989இல் வந்த கேம் போய் கருவியில் 160க்கு 144 புள்ளிகள், நான்கே நிறச்சாயல்கள். விலை மலிந்த பழைய தொழில்நுட்பத்தையே புதுவிதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் பின்னால் இருந்த குன்பெய் யோகோயின் கொள்கை. நான்கு சின்ன பற்றரிகளில் பல மணி நேரம் ஓடியது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டில் இருந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். 1993இல் கேம் போய்க்கு வந்த ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ ஆட்டம் ஒரு தீவையே, அதன் மனிதர்களோடும் குகைகளோடும், 512 கிலோபைட்டுக்குள் அடக்கியது. இன்று போனில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரிது. இடம் குறைவு என்பதால் வீண் வசனம் இல்லை, வீண் அலைச்சல் இல்லை. நூறு மணி நேரம் இழுத்தடிக்கும் ஆட்டங்களைவிட அந்தத் தீவுதான் மனதில் நிற்கிறது.

நம் மலைகளிலும் இப்படிச் சின்ன ஆட்டம் ஒன்றுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. ரயில் சுற்றி வளைந்து தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்து போகும் தெமோதரை, பனி மூடிய நமுனுகுல, விடியற்காலைப் பெரட்டு. செய்வதற்குக் கருவியும் உண்டு. கிறிஸ் மோல்ட்பி உருவாக்கிய ‘ஜிபி ஸ்டூடியோ’ இலவசம். புரோகிராமிங் தெரியாதவர்களும் கேம் போய் ஆட்டம் செய்யலாம். ஓர் எழுத்துக்கு அதில் கிடைக்கும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் தமிழ் ‘ணு’வை அடக்குவது சிரமம்தான். எழுத்தைப் பெரிதாகப் படமாகவே வரைந்தால் அந்தச் சிக்கலும் தீரும்.

பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படிக்கும் மாணவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடமும் தோட்டப் பாடசாலைக் கணினி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி ஜிபி ஸ்டூடியோவைக் கற்றுக்கொடுங்கள். பத்து நிமிட ஆட்டம் ஒன்று செய்தால் போதும்.