பணிவோடு துணிவும் பழகுவோம்

தாயாருக்குப் பதிலாக அண்மையில் பால்மரம் வெட்ட வந்த ஓர் இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். பால் கொட்டகையில் அவள் தன் வாளிகளை இறக்குகிறாள். தராசு 20 கிலோ காட்டுகிறது. ஆனால், அவள் பெயருக்கு நேரே ஏட்டில் 6 கிலோ என்று எழுதப்படுகிறது. அவள் மனத்தில் ஐயம் எழுகிறது. நாவிலோ சொல் எழவில்லை. வீடு திரும்பித் தாயாரிடம் கூறுகிறாள். "நமக்கு எதற்கம்மா வம்பு? பேசாமல் இரு" என்கிறார் தாயார்.

இந்த அச்சம் நேற்றுத் தோன்றியதன்று. துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் இருந்தது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, அவ்வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கோரினர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நிமிர்ந்து நிற்பதற்கு நம் முன்னோர் கொடுத்த விலை அது. இன்று ஒரு கேள்வி கேட்பதற்கும் நம் பிள்ளைகள் அஞ்சுவது முறையாகுமா?

கேட்பது வேறு, சண்டையிடுவது வேறு. மனத்தில் உள்ளதை விழுங்கிக்கொண்டு தலைகுனிந்து செல்வது ஒரு வகை. வாளியை உதைத்துக் கூச்சலிடுவது மற்றொரு வகை. முதலாவதால் ஐயம் தீராது. இரண்டாவதால் பகை வளரும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. மரியாதை குறையாமல், குரல் உயராமல், கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்பதே அது.

அதற்கு முதலில் வேண்டுவது அறிவு. ரப்பர்ப் பாலில் பெரும்பகுதி நீரே. அதில் உலர்ந்த ரப்பர் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு வரையே இருக்கும். மரத்தின் இனம், பருவம், கலந்துவிட்ட மழைநீர் ஆகியவற்றால் இவ்வளவு கூடும் அல்லது குறையும். எனவே, 20 கிலோ பாலில் 30 விழுக்காடு ரப்பர் இருந்தால் 6 கிலோ என்பது சரியான கணக்கே. 35 விழுக்காடு இருந்திருந்தால் 7 கிலோ வந்திருக்கவேண்டும். ஆகவே, அப்பெண் கேட்கவேண்டியது, "என் பாலை ஏன் திருடினீர்கள்?" என்பதன்று. "ஐயா, என் பால் 20 கிலோ இருந்தது. இன்று எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டீர்கள்?" என்பதே. முன்னது பழி, பின்னது வினா. வினாவுக்கு விடை கூறுவது கிராணிக்கும் எளிது.

விடை கிடைக்காவிடில் என் செய்வது? ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் தேதி, பாலின் எடை, எழுதப்பட்ட கணக்கு ஆகியவற்றைக் குறித்துவரவேண்டும். சம்பளச் சீட்டைக் கிழித்தெறியாமல் பாதுகாக்கவேண்டும். சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் கூலி கொடுக்கப்படவேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதி. கணக்கில் குறை தெரிந்தால், முதலில் நிர்வாகத்திடம் கூறலாம்; அடுத்துத் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் கூறலாம். அதன் பின்னும் தீராவிடில் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். அங்கே செல்ல வழக்கறிஞர் தேவையில்லை. தேதியோடு எழுதிய குறிப்பேடு நூறு கூச்சல்களை விட வலிமையாகப் பேசும்.

இத்துணிவு திடீரென்று வருவதன்று, வீட்டில் தொடங்கவேண்டும். நாம் ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில், விடை தெரிந்தும் கை உயர்த்தாத பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறோம். "பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்காதே" என்றே அவர்கள் வளர்க்கப்பட்டிருந்தனர். பெரியோரை மதிக்கக் கற்பிப்பது நம் கடமை. அதனோடு, "உன் கருத்து என்ன?" என்று நாள்தோறும் ஒருமுறையேனும் பிள்ளையிடம் கேட்பதும் நம் கடமையே. கடையில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்து வாங்கிவரப் பழக்குங்கள். குறைந்தால் அங்கேயே பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் இப்பயிற்சி வேண்டும்.

அந்தத் தாயார் மகளிடம், "நாளை நானும் உடன் வருகிறேன், நீயே கேள்" என்று கூறியிருந்தால், 6 கிலோ சரியென்றே தெரியவந்திருக்கலாம், தவறென்று தெரிந்து திருத்தப்பட்டும் இருக்கலாம். எதுவாயினும், மறுநாள் அப்பெண் ஐயமின்றித் தன் நிரைக்குச் சென்றிருப்பாள். அந்த மன அமைதியை நம் பிள்ளைகளுக்கு நாம் அளிப்போமாக.